முத்துப் பூத்த பிள்ளையாரும் மொட்டைப் பிள்ளையாரும்

நெற்றி நிறைய விபூதி பூசுகிறவர்களுக்குப் பொறாமை வராது என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். நான் செவ்வாயும் வெள்ளியும் விரதம் இருக்கிறவள். விளக்கேற்றாமல் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவிட மாட்டேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள்தான் என்றாலும், சாமி பாட்டு என்றால் புத்தகம் பார்க்காமல் கடைசி வரி வரைக்கும் பாடுவேன். அப்படிப்பட்ட எனக்கும் பொறாமை வந்தது. அதுவும் நகை, புடவை பார்த்து வந்த சாதாரணப் பொறாமை இல்லை. எதிர்வீட்டுப் பிள்ளையாரைப் பார்த்து, என் வீட்டுப் பிள்ளையாருக்காக வந்த பொறாமை. (சாமிக்காகப் பட்டால் பாவம் பாதிதான் என்று அப்போது ஒரு கணக்கு வைத்திருந்தேன்.)

எங்கள் மாமனாருக்கு இரண்டு மகன்கள். மூத்தவரைக் கட்டியவர் ஈஸ்வரி அக்கா. ராசிங்காபுரத்துக்காரர். இளையவரைக் கட்டியவள் நான். போடியில் ஒரே தெருவில் எதிரும் புதிருமாக எங்கள் வீடுகள். மாமனார் ஒரு மாதம் அங்கே, ஒரு மாதம் இங்கே. மலைமேல் இருக்கிற ஏலத்தோட்டம் மட்டும் இன்னும் பிரிக்காமல் பொதுவில் கிடக்கிறது.

குடும்பம் இரண்டு வீடாகப் போனபோது, பூசையில் இருந்த உள்ளங்கை உயரப் பித்தளைப் பிள்ளையார் மூத்த வீட்டுக்குப் போனார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதைப் பார்த்து, மாமனார் அதே பட்டறையில், அதே அச்சில் இன்னொரு பிள்ளையாரை வார்த்துக் கொண்டுவந்து கொடுத்தார். தும்பிக்கை வளைவு, தொப்பை மடிப்பு, காலடி மூஞ்சூறு, எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்கே அடையாளம் தெரியாது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. மூத்த வீட்டுப் பிள்ளையார் மலைக்குப் போவார். என் பிள்ளையார் போகமாட்டார்.

அதைச் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும். வருசா வருசம் ஏலச்செடி பூச்சரம் விடுகிற நேரத்தில் தோட்டத்தில் பொங்கல் வைத்துப் பூசை போடுவோம். வீட்டிலிருந்து பிள்ளையார் ஜீப்பில் ஏறிப் போவார். அவரை மடியில் வைத்துக்கொண்டு போகிறவருக்கு முன்சீட்டு. மற்றவர்களுக்குப் பின்னால் பொங்கல் பானை, விறகு, உரச்சாக்கு, இதற்கு நடுவே கிடைக்கிற இடம். பத்தொன்பது வருசம் ஈஸ்வரி அக்கா முன்சீட்டில் மகாராணி மாதிரிப் போனார். பத்தொன்பது வருசம் நான் பின்னால் உட்கார்ந்து, போடிமெட்டு வளைவு ஒவ்வொன்றிலும் குடலைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன். இதில் கொடுமை என்னவென்றால், கடைசி நாலைந்து வருசமாக அந்த ஜீப்பை ஓட்டுகிறவன் என் மகன் குமார். என் மகன் ஓட்டுகிற வண்டியில், என் ஓரகத்திக்கு முன்சீட்டு, எனக்கு வாந்தி. சாமிக்கே அடுக்குமா?

போன வருசம் கோடைமழை ஏமாற்றிவிட்டது. மலையில் செடியெல்லாம் தோகை மடங்கி நின்றன. எங்கள் பக்கம் மழை வேண்டிப் பிள்ளையாரைத் தண்ணீருக்குள் மூழ்க வைப்பது பழைய வழக்கம். மூச்சு முட்டினால் அவரே மேலே சொல்லி மழையை அனுப்புவார் என்று நம்பிக்கை. ஒரு செவ்வாய்க்கிழமை மாமனார் இரண்டு மருமகள்களையும் கூப்பிட்டார்.

"ரெண்டு வீட்டுலயும் பிள்ளையாரத் தண்ணிக்குள்ள வையிங்கத்தா. நான் கண் ஆபரேசனுக்கு மதுரைக்குப் போயிட்டு வெள்ளிக்கெழம வந்து பாக்குறேன். எந்தப் பிள்ளையாரு மனசு எரங்கி ஒரு குறி காட்டுறாரோ, இந்த வருசம் அவரு மலையேறட்டும்."

எனக்குக் காது இரண்டும் குளிர்ந்தது. ஈஸ்வரி அக்கா முகம் மட்டும் லேசாகக் கறுத்தது. "இத்தன வருசம் போன சாமிக்கு இப்ப என்ன பரீட்ச, மாமா?" என்றார்.

"மழ பேஞ்சா நான் ஏன்த்தா பரீட்ச வைக்கிறேன்?" என்றார் மாமனார்.

அன்றைக்கே ஆரம்பித்தேன். பிள்ளையாரைப் புளி போட்டுத் தேய்த்தேன். சாம்பல் போட்டுத் தேய்த்தேன். மூஞ்சூறின் காது இடுக்கில்கூட ஈர்க்குச்சியில் துணி சுற்றித் துடைத்தேன். பிள்ளையார் தங்கம்போல் மின்னினார். அவர் தொப்பையில் என் முகத்தைப் பார்த்தே பொட்டு வைத்துக்கொண்டேன். அடுத்து தண்ணீர். குழாயில் வருகிற தண்ணீர் எங்கெங்கே கிடந்து வருகிறதோ, அதையா சாமிக்கு ஊற்றுவது? வடிகட்டி, பெரிய பாத்திரத்தில் தளதளவென்று கொதிக்க வைத்து, மூடி போட்டு ஆற வைத்து, பிறகுதான் ஊற்றினேன். தண்ணீர் இருப்பதே தெரியாத அளவுக்குத் தெளிவு. உள்ளே பிள்ளையார் பளபளவென்று உட்கார்ந்திருந்தார்.

எதிர்வீட்டில் என்ன நடந்தது என்பதையும் சன்னல் வழியாகப் பார்த்தேன். (எட்டிப் பார்க்கவில்லை. சன்னல் அந்தப் பக்கம்தான் இருக்கிறது.) ஈஸ்வரி அக்கா மாடத்திலிருந்து பிள்ளையாரை அப்படியே எடுத்தார். எண்ணெய்ப் பிசுக்கு, விளக்குப் புகை, என்றைக்கோ வைத்த சந்தனம் காய்ந்த பொருக்கு, எதையும் தொடவில்லை. ஒரு குண்டானில் வைத்தார். மோட்டாரைப் போட்டு, ரப்பர் குழாயை நேராக உள்ளே விட்டார். நிறைந்ததும் தூக்கிக் கூடத்தில் வைத்துவிட்டு, அவர் சோலியைப் பார்க்கப் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தத் தடவை முன்சீட்டு நமக்குத்தான் என்று, மலைக்குக் கட்டிப்போக ஒரு புடவையைக்கூட எடுத்து வெளியே வைத்தேன்.

வியாழக்கிழமை காலை பூக்காரம்மா வாசலில் நின்று கத்தினாள்.

"வேலுத்தாயி அக்கா, வெரசா வாங்க! எதுத்த வீட்டுப் பிள்ளையாரு முத்துப் பூத்திருக்காரு!"

போனேன். தெருவில் பாதி அங்கே நின்றது. கூட்டத்தை விலக்கிக் குண்டானுக்குள் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம். தும்பிக்கை முழுக்க, காது மடல் முழுக்க, தொப்பையில், தந்தத்தின் நுனியில், கடுகைவிடச் சின்னச் சின்னதாக வெள்ளி மணிகள். ஒன்றோடொன்று இடிக்காமல், கோத்து வைத்ததுபோல ஒட்டிக்கொண்டிருந்தன. சன்னல் வெயில் பட்டபோது பிள்ளையாருக்கு முத்தங்கி சாத்தியதுபோல் இருந்தது. கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. மனசு தானாக முன்சீட்டை நினைத்தது. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்ததுதான் என் வெட்கம்.

"நேத்துச் சாயங்காலமே பூக்க ஆரம்பிச்சிருச்சு வேலு. நாந்தான் யார்கிட்டயும் சொல்லல," என்றார் ஈஸ்வரி அக்கா, தெரு முழுக்க நிற்கிற கூட்டத்துக்கு நடுவே.

குண்டானுக்குப் பக்கத்தில் அவர் மகள் பவித்ரா குனிந்து உட்கார்ந்து, செல்போனைக் கிட்டே கொண்டுபோய் அந்த மணிகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் மதுரைப் பக்கம் ஒரு காலேஜில் ஆராய்ச்சி செய்கிறாள். எதைப் பற்றி என்று கேட்கிறீர்களா? தண்ணீருக்குள் பொருள்கள்மேல் ஒட்டுகிற காற்றுக்குமிழியைப் பற்றி! அதுவும் கண்ணுக்கே தெரியாத அளவு சின்னக் குமிழியாம். அது ஏன் கரையாமல், உடையாமல் நாள்கணக்கில் அப்படியே நிற்கிறது என்று கண்டுபிடிக்கிறார்களாம். ஈஸ்வரி அக்கா இதைச் சொல்லிப் பெருமைப்படாத கல்யாணவீடு கிடையாது. "இல்லாத குமிழிய இருக்குன்னு படிக்கிறதுக்கு ஒரு காலேஜா?" என்று நான் பின்னால் சொல்லிச் சிரிக்காத கல்யாணவீடும் கிடையாது.

பவித்ரா நிமிர்ந்து, "சித்தி, இது ஏன் நிக்கிதுன்னா..." என்று ஆரம்பித்தாள்.

"சாமி விசயத்துல காலேஜுப் பேச்சு வேணாம்த்தா," என்று அவள் வாயை அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றைக்கு அரை நிமிசம் காது கொடுத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

வீட்டில் என் பிள்ளையாரைப் பார்த்தேன். ஒரு மணி இல்லை. ஒரு புள்ளி இல்லை. பழனிக்குப் போய் முடி இறக்கிவிட்டு வந்த குழந்தைபோல வழவழவென்று உட்கார்ந்திருந்தார்.

எனக்கு அழுகை வந்தது. "அப்பனே, ஒனக்கு நான் என்ன கொற வச்சேன்? புளியில தேச்சேன். சாம்பல்ல தேச்சேன். கொதிக்க வச்ச தண்ணியில குளிப்பாட்டுனேன். அவ என்னத்தத் தேச்சா?" என்று பாத்திரத்தைப் பார்த்துச் சண்டை போட்டேன். ஒருவேளை நம் சுத்தம் போதவில்லையோ என்று சந்தேகம் வந்தது. பிள்ளையாரை வெளியே எடுத்து மறுபடியும் புளி. மறுபடியும் சாம்பல். தண்ணீரை முன்னைவிட அதிக நேரம் கொதிக்க வைத்தேன். அடுப்படியே ஆவியில் மறைந்தது. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "ஏம்மா, சாமி கும்பிடுறியா, நெல்லு அவிக்கிறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஆற வைத்து ஊற்றினேன். காத்திருந்தேன். பிள்ளையார் இன்னும் பளபளப்பான மொட்டையாக இருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை மாமனார் வருவதற்கு இரண்டு மணி நேரம் இருந்தது. அப்போதுதான் என் வீட்டுக்காரர், முந்தின நாள் சாப்பிட்டது செரிக்கவில்லை என்று ஒரு சோடாவை உடைத்து டம்ளரில் ஊற்றினார். டம்ளரின் உள்பக்கம் முழுக்க மணி மணியாக ஒட்டியது. வெள்ளி மணி. அசல் முத்து.

நான் கொஞ்ச நேரம் அந்த டம்ளரையே பார்த்தேன். பிறகு மேலே பார்த்து, "இது நீ காட்டுன வழிதான, அப்பனே?" என்று கேட்டேன். அவர் இல்லை என்று சொல்லவில்லை.

கூடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸ்டாண்டுக் கடைக்கு நடந்தேன். பன்னிரண்டு சோடா. "வீட்டுல விசேசமாக்கா?" என்று கடைக்காரர் கேட்டார். "ஆமாண்ணே, பிள்ளையாருக்கு," என்றேன். பொய் இல்லையே! மேலே வாழையிலையும் அருகம்புல்லும் போட்டு மூடிக் கொண்டுவந்தேன். கொதிக்க வைத்த தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு, அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொரு பாட்டிலாக ஓரத்தில் சரித்து ஊற்றினேன். நுரை அடங்கியது. பார்த்தேன்.

ஐயோ, அந்த அழகை என்னவென்று சொல்வேன்! எதிர்வீட்டு முத்து கடுகு என்றால் என் வீட்டு முத்து மிளகு. தும்பிக்கை தெரியவில்லை, காது தெரியவில்லை, எல்லாம் முத்து. மோசம் செய்கிறோம் என்பதே மறந்துபோய் நானே விழுந்து கும்பிட்டேன். பாத்திரத்தைக் கூடத்தில் வைத்துவிட்டு வாசலுக்கு ஓடி, "எங்க வீட்டுலயும் பூத்திருச்சு!" என்று கத்தினேன்.

தெரு திரண்டு வந்தது. ஈஸ்வரி அக்கா வந்தார். பவித்ரா வந்தாள். மாமனார் வந்தார். அவருக்கு அப்போதுதான் கண் ஆபரேசன் முடிந்திருந்தது. புதுக்கண்ணால் குனிந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அப்பனே," என்றார். கண் கலங்கிவிட்டது. "செடியெல்லாம் காயுதேன்னு ராத்திரி தூங்கலப்பா. மனசு எரங்கிட்டயா?"

அந்த ஒரு வார்த்தையில் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் முன்சீட்டு மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்துகொண்டே இருந்தது.

பூக்காரம்மா குனிந்து, "முத்து வளருதுக்கா!" என்றாள். உண்மைதான். வளர்ந்துகொண்டே போனது. மிளகு பச்சை ஏலக்காய் அளவானது. அப்புறம் தும்பிக்கையிலிருந்து ஒரு முத்து கழன்று, விறுவிறுவென்று மேலே வந்து, பட்டென்று போனது. பின்னாலேயே இன்னொன்று. காதிலிருந்து நாலு. தொப்பையிலிருந்து கூட்டமாக. பாத்திரம் 'சுர்ர்' என்று சத்தம் போட ஆரம்பித்தது.

"பிள்ளையாரு மூச்சு விடுறாரு!" என்றாள் பூக்காரம்மா.

"எல்லாரும் பாத்தாச்சுல்ல, மூடி வைப்போம்," என்றேன் நான்.

மாமனார் உத்தரணிக் கரண்டியைக் கையில் எடுத்தார். "கொண்டாத்தா, மொதல்ல தீர்த்தம்."

தீர்த்தம்! இதை நான் யோசிக்கவே இல்லை. சாமியை மூழ்க வைத்த தண்ணீரைத் தீர்த்தமாகக் குடிப்பார்கள் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எத்தனை தடவை நானே குடித்திருக்கிறேன்! பொறாமை வந்தால் புத்தி எங்கே போகிறது பாருங்கள்.

"மாமா, இப்ப வேணாம். கொஞ்சம் ஆறட்டும்."

"பச்சத் தண்ணி எதுக்குத்தா ஆறணும்?"

மூன்று உத்தரணி எடுத்து உள்ளங்கையில் விட்டு வாயில் ஊற்றிக்கொண்டார். கண்ணை மூடினார். அவர் புருவம் மெல்ல ஏறியது. பிறகு வந்தது ஒரு ஏப்பம். சாதாரண ஏப்பம் இல்லை. தொப்புளில் புறப்பட்டு, நெஞ்சில் நின்று, தொண்டையில் திரும்பி வந்த ஏப்பம். அதற்குள் பூக்காரம்மாவும், பின்னால் நின்ற நாலு பெண்களும் பக்தியோடு கை நீட்டித் தீர்த்தம் வாங்கிக் குடித்துவிட்டார்கள். வரிசையாக ஏப்பம் விட்டார்கள். வெடி வைத்த மாதிரி ஒன்றன்பின் ஒன்று.

மாமனார் கண்ணைத் திறந்தார். நாற்பது வருசமாக மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சோடா குடிக்கிற மனுசர் அவர்.

"ஆத்தா வேலுத்தாயி," என்றார் நிதானமாக. "இது நம்ம பஸ்ஸ்டாண்டுக் கட சோடாவுல்ல?"

அப்போதாவது காலில் விழுந்திருக்கலாம். விழவில்லை. "அவரு அருளு மாமா... தண்ணியே இப்பிடி..." என்று இழுத்தேன்.

சரியாக அந்த நேரத்தில் அடுப்படி வாசலில் குமார் வந்து நின்றான். என் வயிற்றில் பிறந்தவன். "அம்மா, பன்னெண்டு காலி பாட்டிலு கெடக்கு. நான் பஸ்ஸ்டாண்டுப் பக்கந்தான் போறேன், திருப்பிக் குடுத்துரவா?"

கூடம் சிரித்த சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். எனக்குக் காது அடைத்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். புளி, சாம்பல், கொதித்த தண்ணீர், மொட்டை, டம்ளர், கூடை. முன்சீட்டைப் பற்றியும் சொன்னேன். அதைச் சொன்னதும் ஒரு பெண்கூடச் சிரிக்கவில்லை. அவர்களுக்கும் மலைரோடு தெரியும்.

ஈஸ்வரி அக்கா நிமிர்ந்து நின்றார். "சாமி பொய்க்கு மசியுமா வேலு? நெசமான பக்தி இருக்குற வீட்டுலதான் முத்து நிக்கும். எங்க வீட்டுல மூணு நாளா நிக்கிது, ஒண்ணாவது வெடிச்சுச்சா?"

"அம்மா," என்றாள் பவித்ரா. "அது பக்தி இல்லம்மா. பிசுக்கு."

மாமனார் உத்தரணியைக் கீழே வைத்தார்.

"என்னடி சொல்ற?"

"சொல்லுத்தா," என்றார் மாமனார், இன்னொரு சின்ன ஏப்பத்தை உள்ளே தள்ளிக்கொண்டு.

இந்தத் தடவை நானும் காது கொடுத்துக் கேட்டேன். வேறு போக்கிடமும் இல்லை. அவள் சொன்னதை என் எட்டாம் வகுப்பு மூளைக்கு ஏறின அளவில் எழுதுகிறேன்.

"சின்ன பலூன ஊதுறப்ப ஆரம்பத்துலதான தாத்தா ரொம்பக் கஷ்டம்? குமிழியும் அப்பிடித்தான். சிறுசாக ஆக உள்ள இருக்குற காத்த அது ரொம்ப நெருக்கும். அந்தக் காத்து தண்ணிக்குள்ள கசிஞ்சு ஓடிரும். ஓட ஓட இன்னும் சிறுசாகும், இன்னும் நெருக்கும். கண்ணுக்குத் தெரியாத குமிழியெல்லாம் கண்ண மூடித் தெறக்குறதுக்குள்ள செத்துப் போயிருக்கணும். ஆனா தண்ணிக்கடியில ஒரு பொருளு மேல ஒட்டிக்கிட்டா மட்டும் நாள் கணக்கா நிக்கிது. அது நெசமாவே குமிழிதானா, இல்ல ஏதாவது அழுக்குத் துளியான்னு படிச்சவங்களே ரொம்ப வருசம் சண்ட போட்டாங்க."

"ஏன் நிக்கிதாம்?" இதைக் கேட்டது நான்தான்.

"காலு நகராது சித்தி. ஏலக்கா காயப்போட்டு மேல தார்ப்பா கட்டுவீங்கல்ல? நாலு ஓரமும் முளையில கட்டியிருந்தா, உள்ள இருக்குற காத்து போகப் போகத் தார்ப்பா சுருங்கி உருண்டையா ஆகுமா? ஆகாது. எடத்துலயே இருந்துக்கிட்டுத் தட்டையாத்தான ஆகும்? குமிழியோட ஓரமும் அப்பிடித்தான். சொரசொரப்புல, எண்ணெப் பிசுக்குல, காஞ்ச சந்தனத்துல மாட்டிக்கும். காத்து குறையக் குறையத் தட்டையாகும். தட்டையானா நெருக்கறதும் குறைஞ்சு போகும். தண்ணிக்குள்ளயும் காத்து மிஞ்சிக் கெடந்தா, ரெண்டும் சரிக்குச் சரியா நின்னுரும். கண்ணுக்குத் தெரியாததுக்கு இது கதை. அம்மா பிள்ளையாரு மேல இருக்குறது அதுக்குப் பெரியம்மா மாதிரி, கொஞ்சம் பெருசு. ஆனா அதுக்கும் பிடிமானம் குடுத்தது பிசுக்குதான். மோட்டாரு தண்ணி அழுத்தத்துல வருது, குளுந்து வருது, உள்ள காத்து நெறஞ்சிருக்கு. கூடத்து வெக்கையில அந்தக் காத்து வெளிய வந்து ஒட்டுது."

"அப்ப என் பிள்ளையாரு?"

"நீங்க ஒட்டுறதுக்கு ஒரு எடம்கூட விடாமத் தேச்சுட்டீங்க. தண்ணியக் கொதிக்க வச்சா அதுல இருக்குற காத்தெல்லாம் ஓடிரும். ஆறுனதுக்கப்புறம் அந்தத் தண்ணி பசியோட இருக்கும் சித்தி. ஒரு குமிழி தப்பித் தவறி வந்தாலும் தின்னுரும். சோடாவுல நேர்மாறு. காத்த அள்ளித் திணிச்சு வச்சிருக்காங்க. அதான் நிக்க நேரமில்லாம ஊதிப்போய் ஓடிருச்சு."

ஆகமொத்தம், என் சுத்தம்தான் என் பிள்ளையாரை மொட்டையடித்திருக்கிறது. நான் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தேன். மாமனார் மெதுவாக ஈஸ்வரி அக்கா பக்கம் திரும்பினார்.

"நீ கடைசியா எப்பத்தா பிள்ளையாரத் தேச்ச?"

"தைப்பொங்கலுக்கு மாமா."

"எந்தத் தைப்பொங்கலுக்கு?"

அக்கா வாசல் பக்கம் நகர்ந்தார். பூக்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாமனார் தீர்ப்புச் சொன்னார். "ஒருத்தி சாமியத் தொடைக்கல. ஒருத்தி சாமிக்குச் சோடா ஊத்திருக்கா. ரெண்டு பேரும் பின்னால ஏறுங்க. ரெண்டு பிள்ளையாரும் என் மடியில வருவாங்க."

எல்லோரும் போன பிறகு, என் பிள்ளையாரை எடுத்துச் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் கழுவினேன். பாட்டிலுக்கு ஒன்று என்று பன்னிரண்டு தோப்புக்கரணம் போட்டேன். ஒன்பதாவதில் முட்டி பிடித்துக்கொண்டது. மிச்சத்தை மறுநாள் போட்டேன். "மாமனார அழ வச்சதுக்குத்தான் அப்பனே இது. சோடாவ நீ பெருசா எடுத்துக்க மாட்டேன்னு தெரியும்," என்று சொன்னேன்.

மலைக்குப் போனோம். முன்சீட்டில் மாமனார், தொடைக்கு ஒன்றாக இரண்டு பிள்ளையார். (அக்காவின் பிள்ளையாரும் அன்றைக்குக் கண் கூசப் பளபளத்தார்.) பின்னால் பானை, விறகு, உரச்சாக்கு, நாங்கள் இரண்டு பேர். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. நானும் திரும்பவில்லை. மூன்றாவது வளைவு வரைக்கும் அப்படியே போனோம். நாலாவது வளைவில் அக்காவின் முகம் வெளுத்தது. பின்னால் உட்கார்ந்து பழக்கமே இல்லையே, பாவம்! "வேலு..." என்று என் கையைப் பிடித்தார். நான் பத்தொன்பது வருச அனுபவசாலி. ஒரு கையால் அவர் நெற்றியைப் பிடித்தேன், மறு கையால் பையை நீட்டினேன். எந்த வளைவில் மூச்சை இழுக்க வேண்டும், எதில் கண்ணை மூடவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன்.

முந்தல் பக்கத்து ரோடு கீழே கயிறுபோலத் தெரிந்தபோது, அக்கா என் தோளில் சாய்ந்துகொண்டு கேட்டார். "வருசா வருசம் இப்பிடியா வேலு வந்த? ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

"நீங்க திரும்பிப் பாக்கலயேக்கா," என்றேன். பட்டென்று வந்துவிட்டது. அவர் என் கையை விடவில்லை. இத்தனை வருசமாக உள்ளே எவ்வளவு சின்ன விசயத்தை எத்தனை இறுக்கமாகப் பிடித்துவைத்திருந்தேன் என்று அப்போது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் தட்டையாகிவிட்டது.

பூசை முடிந்து ஒரு வாரத்துக்கெல்லாம் மழை வந்தது. பிசுக்குப் பிள்ளையாரால் என்று எதிர்வீட்டிலும், சோடாப் பிள்ளையாரால் என்று எங்கள் வீட்டிலும் சொல்லிக்கொண்டோம். இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் எந்தப் பந்தியில் யார் ஏப்பம் விட்டாலும், "யாருப்பா அங்க, வேலுத்தாயி வீட்டுத் தீர்த்தமா?" என்று ஒரு குரல் வரும். நிச்சயதார்த்தத்துக்குப் போனாலும் பூசை அறைப் பக்கம் என்னைத் தனியாக விடமாட்டார்கள். பழகிவிட்டது.

போன மாதம் பவித்ரா போன் செய்தாள். வெளியூரில் பெரிய பெரிய ஆராய்ச்சிக்காரர்கள் கூடின கூட்டத்தில் அவள் குமிழியைப் பற்றிப் பேசினாளாம். "எடுத்த எடுப்புல ஒங்க கதையத்தான் சொன்னேன் சித்தி. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அப்புறம் ஒருத்தர்கூடத் தூங்கல. ஒங்க பேரச் சொல்லித்தான் நன்றி சொன்னேன்."

நான் போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால், எதிரே ஈஸ்வரி அக்கா. செய்தி அவருக்கும் போயிருக்கிறது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"பெத்தது நானு, படிக்க வச்சது நானு. முத்து பூத்ததும் என் வீட்டுப் பிள்ளையாரு மேல. ஊரு ஒலகத்துக்கு முன்னால அவ பேசுறது ஒன்னப் பத்தியா?"

அந்த முகத்தைப் பார்த்தேன். பத்தொன்பது வருசம் நான் கண்ணாடியில் பார்த்த அதே முகம். "விடுங்கக்கா, பிள்ள ஏதோ ஆசையில பேசிருச்சு," என்று சமாதானம் சொல்லிக் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் விளக்கேற்றும்போது, ஈஸ்வரி அக்காவுக்கு நல்ல மனசைக் கொடு, நல்ல ஆரோக்கியத்தைக் கொடு என்று மனதார வேண்டிக்கொண்டேன். அந்தப் பொறாமையை மட்டும் ஒரு ரெண்டு மாசத்துக்கு அப்படியே வைத்திருக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பார்ப்போம், பிள்ளையார் மனசு எப்படியோ.